முழங்காலுக்குக் கீழே சுக்கான் பாறை

"இன்னும் எவ்வளவு தோண்டணும் ஸித்?" என்று கேட்டான் ஷிபிலி.

"ஒரு ஆளைப் புதைக்கிற அளவுக்கு" என்றாள் மெய்சூன்.

"எந்த ஆளுன்னு சொன்னா சவுரியமா இருக்கும். உயரம் தெரியணும்ல?"

"உன் உயரம் போதும்."

ஷிபிலி உள்ளங்கையில் துப்பித் தேய்த்துக்கொண்டு மறுபடி மண்வெட்டியை ஓங்கினான். மேலே கறுப்புக் கற்கள். அவற்றை ஒதுக்கினால் மாவு மாதிரி மண். முதல் பத்து நிமிடம் அல்வாவை வெட்டுவதுபோல் போயிற்று. பதினோராவது நிமிடம் மண்வெட்டி 'டங்' என்றது. அந்த அதிர்வு கைப்பிடி வழியாக ஏறி, முழங்கை, தோள், கடைவாய்ப் பல் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரித்துவிட்டுப் போயிற்று.

"கல்லு" என்றான்.

"கல்லு இல்ல, தரை. பக்கத்துல வெட்டிப் பாரு."

பக்கத்தில் வெட்டினான். டங். பத்தடி தள்ளிப் போய் வெட்டினான். அங்கேயும் டங். இருபதடி தள்ளி வெட்டியபோது மண்வெட்டியின் வாயே மடிந்து, அது ஒரு பெரிய கரண்டியாக மாறியது.

குனிந்து கையால் மண்ணைத் தள்ளிப் பார்த்தான். முழங்கால் ஆழத்தில், வெள்ளையாக, வழவழவென்று, ஒரு விரிசல் இல்லாமல் பாறை படிந்திருந்தது. சுக்கான் பாறை.

"யாரோ காங்க்ரீட் போட்டு வச்சிருக்காங்க ஸித்."

"மழைதான் போட்டுச்சு. மேல இருக்கிற சுண்ணாம்பைக் கரைச்சுக் கீழ கொண்டுபோகும். முழங்கால் ஆழத்துக்குக் கீழ எறங்க இந்த ஊரு மழைக்குத் தெம்பு கிடையாது. அங்கயே காஞ்சு, சுண்ணாம்பை விட்டுட்டுப் போயிடும். பல்லாயிரம் வருஷமா இதே வேலை."

"அரசாங்க கான்ட்ராக்ட் இல்லைன்னு கெட்டியைப் பாத்தாலே தெரியுது."

மெய்சூன் சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் எழுதினாள். "நாற்பது நிமிஷம். நாலு இடம். ஆழம் முழங்கால்."

"மண்வெட்டி செத்ததையும் எழுதிக்குங்க. என் முதுகு விஷயம் சாயங்காலம் தெரியும்."

மெய்சூன் இருபத்திரண்டு வருடம் நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்து நடந்தவள். மனிதர்கள் முகத்தைப் பார்ப்பதைவிட அவர்கள் நிற்கிற தரையைப் பார்ப்பது அவளுக்குச் சுலபம். வேலையை விட்ட பிறகு ஸர்க்கா நகரத்தில், டயர் கடைக்கு மேல் மாடியில், துப்பறியும் அலுவலகம் திறந்தாள். ஷிபிலி அதற்கு முன்னால் பஸ் டிரைவர். பயணிகளோடு அதிகம் பேசுகிறான் என்று வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இங்கே அந்தக் குறையை யாரும் பெரிதுபடுத்தவில்லை. முதலாளியம்மாவை மரியாதையாக 'ஸித்' என்று கூப்பிட்டால் போதும்.

ஷிபிலி நிமிர்ந்து வேலிச் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தான். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. அங்கே மிஷ்அல் வீட்டு வாசலில் மூன்று லாரிகள் நின்றன. மெத்தைகள், பாத்திரங்கள், ஆடுகளுக்கான தொட்டி என்று ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன. நாற்பத்து மூன்று பேர். அண்ணன் தம்பிகள், அவர்கள் பிள்ளைகள், பிள்ளைகளின் பிள்ளைகள். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் கிளம்ப வேண்டும் என்பது ஊர்ப் பெரியவர்களின் தீர்ப்பு. கொலை செய்தவன் குடும்பம், செத்தவன் குடும்பத்தின் கண்ணில் படாத தூரத்துக்குப் போய்விட வேண்டும். போனவர்கள் திரும்பி வந்ததாக ஷிபிலி கேள்விப்பட்டதில்லை.

ஒன்பது நாளைக்கு முன்பு ஜத்ஆன் காணாமல் போனான். இந்தக் கறுப்புக் கல் நிலத்தின் சொந்தக்காரன். அவனுடைய ரத்தம் தோய்ந்த தலைத்துண்டு பக்கத்து நிலத்துக்காரன் மிஷ்அலின் வண்டியில் கிடைத்தது. ஜத்ஆனின் தம்பி ஹம்மூத், மிஷ்அல் குழி தோண்டிப் புதைத்ததைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னான். மிஷ்அல் லாக்கப்பில் இருக்கிறான். பிணம் மட்டும்தான் கிடைக்கவில்லை. நாற்பது துனும், அதாவது பத்து ஏக்கர் நிலம் முழுக்க ஒரே மாதிரி கறுப்புக் கல். எந்தக் கல்லைப் புரட்டுவது என்று போலீஸ் இரண்டு நாள் யோசித்துவிட்டு, பெரியவர்களின் தீர்ப்பைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிட்டது.

மிஷ்அலின் மனைவி வத்ஹா நேற்று தனியாக பஸ் ஏறி ஸர்க்காவுக்கு வந்தாள். அழவில்லை. "என் வீட்டுக்காரன் ஆட்டை அறுக்கச் சொன்னாலே முகத்தைத் திருப்பிக்குவான். வந்து பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

"ஜீப்புல இருக்கிறவங்களைக் கூப்பிடு" என்றாள் மெய்சூன்.

ஜீப்பிலிருந்து இன்ஸ்பெக்டர் லுவை இறங்கி வந்தார். நல்ல மனிதர். இந்த வழக்கு வந்த பிறகு அவர் சரியாகத் தூங்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது. பின்னால் ஹம்மூத், கறுப்புக் கோட்டும் துக்க முகமுமாக வந்தான்.

"ஹம்மூத் தம்பி," மெய்சூன் மெதுவாகக் கேட்டாள், "அன்னிக்குப் பாத்ததை இன்னொரு தரம் சொல்லுப்பா."

"எத்தனை தரம் சொல்றது? நான் மாடியில நின்னேன். மத்தியானம், லுஹர் தொழுகைக்கு முன்னாடி. அந்தப் பாவி கையில மண்வெட்டி. குழிக்குள்ள நின்னு தோண்டிக்கிட்டிருந்தான். தலை மட்டும்தான் வெளிய தெரிஞ்சுது. தொழுதுட்டு வந்து பாத்தா, எல்லாம் மூடி முடிஞ்சு போச்சு."

"எந்த இடம்?"

"இந்த நிலத்துலதான். தூரத்துலேர்ந்து பாத்தா எல்லாக் கல்லும் ஒண்ணுதானே?"

"மண்வெட்டி மட்டும்தான் இருந்துச்சா? கடப்பாரை, சம்மட்டி ஏதாவது?"

"மண்வெட்டிதான். சத்தியமா."

மெய்சூன் ஷிபிலியைப் பார்த்தாள். ஷிபிலி வாய் மடிந்த மண்வெட்டியை இன்ஸ்பெக்டர் கையில் ஒப்படைத்தான், ஏதோ பரிசு கொடுப்பதுபோல.

"நீங்களும் தோண்டிப் பாருங்க ஐயா" என்றான். "தலை மட்டும் தெரியணும்னா குள்ளமான ஆளா வேணும். முழங்கால் உயரத்துல யாராவது இருக்காங்களா?"

லுவை நான்கு குழிகளையும் பார்த்தார். பூட்ஸ் காலால் பாறையைத் தட்டினார். அது பதில் சொன்ன விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஹம்மூத் பக்கம் திரும்பினார்.

"ஐயா, நான் பயத்துல இருந்தேன்" என்றான் ஹம்மூத். "அண்ணனைப் புதைக்கிறவனைப் பாத்துட்டு அளவுகோல் எடுத்துட்டா நிக்க முடியும்? ஆழம் கூடக் கொறைய இருக்கும்."

"அதுவும் நியாயம்தான்" என்றார் லுவை தயக்கத்தோடு. "ஸித் மெய்சூன், ஆளு ஆழத்தைத் தப்பாச் சொல்லிட்டான்னு வச்சுக்கிட்டாலும், ஜத்ஆன் உயிரோட வந்துட மாட்டானே? முழங்கால் ஆழத்துலயும் ஒருத்தனைப் படுக்க வைக்கலாம்."

சுவருக்கு அப்பால் இரண்டாவது லாரியில் கயிறு கட்ட ஆரம்பித்திருந்தார்கள்.

மெய்சூன் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. "வீட்டுப் பக்கம் போலாம். தாகமா இருக்கு" என்றாள்.

ஜத்ஆன் வீட்டில் தண்ணீர் கொடுக்க யாரும் வரவில்லை. மெய்சூனுக்குத் தாகமும் இருந்ததாகத் தெரியவில்லை. நேராக வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஆட்டுப்பட்டிக்குப் போனாள். பட்டிக்குப் பின்னால், வேலியை ஒட்டி, ஆள் உயரத்துக்கு நீளமாக ஒரு மேடு. மேலே பழைய தார்ப்பாய் போர்த்தி, டயர்களை வைத்து அமுக்கியிருந்தது. ஒரு ஓரத்தில் தார்ப்பாய் விலகி வெள்ளையாகத் தெரிந்தது.

"இது என்ன?"

"உப்பு" என்றான் ஹம்மூத் உடனே. "ஆட்டுக்கு. உப்பளத்துலேர்ந்து அண்ணன் கொண்டுவந்தாரு."

"எத்தனை ஆடு?"

"பதினொண்ணு."

"ரெண்டு லாரி உப்பு" என்றான் ஷிபிலி. "ஆடுங்களுக்கு ரொம்ப நாள் ஆயுசு போட்டிருக்காரு உங்க அண்ணன்."

மெய்சூன் ஒரு வெள்ளைத் துண்டைப் பொறுக்கி அவனிடம் நீட்டினாள். ஷிபிலிக்கு அதற்கு அர்த்தம் தெரியும். இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நக்க வேண்டியதெல்லாம் அவன் பங்குதான். நாக்கை நீட்டி ஒரு தரம் நக்கினான். யோசித்தான். இன்னொரு தரம் நக்கினான்.

"உப்பு இல்ல. சுவத்தை நக்கின மாதிரி இருக்கு."

"இது உடைச்ச சுக்கான் பாறை" என்றாள் மெய்சூன் லுவையிடம். "முனை பாருங்க, கத்தி மாதிரி. வெயில்லயும் தூசியிலயும் ரொம்ப நாள் கிடந்தா மழுங்கி அழுக்கேறியிருக்கும். இது ஒரு மாசத்துச் சரக்கு."

லுவையின் தூக்கம் கலைந்தது. தார்ப்பாயைத் தானே பிடித்து இழுத்தார். டயர்கள் உருண்டன. வெள்ளைப் பாறைத் துண்டுகள் கொஞ்சம்தான். அவற்றுக்கு அடியில் மலைபோல வேறொரு மண், இளஞ்சிவப்பாக, ஈரமாக, கையில் அள்ளினால் உதிர்கிற மாதிரி இருந்தது.

"அப்படீன்னா பாறையை உடைச்சிருக்காங்க!" என்றார். "ஆழமாத்தான் தோண்டியிருக்காங்க. ஸித் மெய்சூன், நீங்க என்ன செஞ்சிட்டீங்க தெரியுதா? பிணம் இருக்கிறதுக்கு எனக்கு அத்தாட்சி குடுத்திட்டீங்க. இனி ஒரு கூட்டத்தைக் கொண்டுவந்து நிலம் பூராப் புரட்டிடுவேன்."

அந்த நேரம் பார்த்து வத்ஹா சுவரைச் சுற்றிக்கொண்டு அங்கே வந்து நின்றாள். கையில் மாவு ஒட்டியிருந்தது. வழிக்கு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்திருப்பாள். இன்ஸ்பெக்டர் சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது. மெய்சூனைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை.

"உங்களைத் தேடிக்கிட்டு நான்தான் வந்தேன்" என்றாள். "அன்னிக்கே யாராவது என் காலை உடைச்சிருந்தா வந்திருக்க மாட்டேன்."

ஷிபிலி தலையைக் குனிந்துகொண்டான். ஹம்மூத் மட்டும் சற்று நிம்மதியாக மூச்சு விட்டான். அந்த மூச்சை ஷிபிலி கவனித்தான்.

"உம் ஜாஸி," மெய்சூன் அவளை மூத்த மகன் பெயரைச் சொல்லி மரியாதையாகக் கூப்பிட்டாள், "போன மாசம் இந்தப் பக்கத்துலேர்ந்து ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. பதினஞ்சு நாள் கம்ப்ரசர் வச்சு உடைச்சாங்க. காது செவிடாப் போச்சு."

"என்னன்னு கேக்கலையா?"

"கள்ளக் கிணறு வெட்றாங்கன்னு நெனச்சோம். அதெல்லாம் யாரும் கேக்க மாட்டோம்." இன்ஸ்பெக்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "யார் வீட்டுல இல்ல?" என்றாள்.

லுவை அவசரமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அவர் மாமனார் வீடு மூன்று கிலோமீட்டரில்தான் இருந்தது.

"சரி" என்றாள் மெய்சூன். "இப்ப எனக்கு ஒரு சின்ன சந்தேகம். இன்ஸ்பெக்டர், நீங்க ஒருத்தரைப் புதைச்சா, தோண்டின மண்ணை என்ன பண்ணுவீங்க?"

"மறுபடியும் குழியிலயே தள்ளுவேன்."

"எல்லாத்தையுமா?"

"கொஞ்சம் மிஞ்சும். மேல குவிச்சிடுவோம்." சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். மேட்டைப் பார்த்தார். அதன் நீளத்தைப் பார்த்தார்.

"ரெண்டு லாரி மண்ணு வெளிய இருக்கு" என்றாள் மெய்சூன். "புதைச்சிருந்தா இது உள்ள போயிருக்கணும். இவ்வளவும் வெளிய இருக்குன்னா, உள்ள அத்தனை இடமும் காலியா இருக்கு. குழியை யாரும் மூடலை. கூரை போட்டிருக்காங்க. கூரைகூடப் போட வேண்டியதில்ல, ஏற்கெனவே இருக்கு. பாறையில ஆளு நுழையிற அளவுக்கு ஒரு ஓட்டை போட்டுட்டா போதும். அதுக்குக் கீழ மெத்து மண்ணு, கையாலயே பறிக்கலாம். மேல பாறை அசையாது. வீடு கட்ட இதைவிட நல்ல தளம் காசு குடுத்தாலும் கிடைக்காது."

பட்டியில் ஒரு ஆடு கத்தியது.

"அதனாலதான் ஹம்மூத் ஆழத்தைச் சரியாச் சொன்னான்" என்று தொடர்ந்தாள். "குழிக்குள்ள ஆள், தலை மட்டும் வெளிய தெரியுது. அவன் பாத்தது நெசம். ஆளையும் நாளையும் மட்டும் மாத்திட்டான். பொய் சொல்றவன் முழுசாப் பொய் சொல்லணும்."

ஹம்மூத் வாயைத் திறந்தான். ஷிபிலி அவன் தோளில் நட்பாகக் கையைப் போட்டான். அந்தக் கையின் எடை எவ்வளவு என்று பஸ்ஸில் தகராறு செய்தவர்களுக்குத் தெரியும். "பேசாதீங்க. நீங்க பேசப் பேச எங்க வேலை சுலபமாயிட்டே போகுது. அப்புறம் எங்களுக்கு என்ன மரியாதை?"

நால்வரும் நிலத்துக்குத் திரும்பினார்கள். வத்ஹாவும் கூடவே வந்தாள். சூரியன் சாய ஆரம்பித்திருந்தது. மசூதியில் அஸர் பாங்கு சொல்ல இன்னும் ஒரு மணி நேரம் இருக்கலாம்.

"எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றார் லுவை. "இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கே தெரியும், கல்லுக்கு மேல கறுப்பு, வயிறு வெள்ளை. யாராவது புரட்டியிருந்தா வெள்ளை மேல தெரியும். நாங்க அதைத்தான் ரெண்டு நாளாத் தேடினோம். ஒரு கல்லுகூட வெள்ளையா இல்ல."

"உங்களுக்குத் தெரிஞ்சது ஜத்ஆனுக்கும் தெரியும். கறுப்பை மேல வச்சு அழகா அடுக்கச் சொல்லித் தம்பியை விட்டிருப்பான்." மெய்சூன் மண்டியிட்டாள். ஒரு கல்லைச் சுட்டினாள். "ஷிபிலி, இதுல என்ன தெரியுது?"

கறுப்புக் கல் பாதி மண்ணில் புதைந்திருந்தது. கல்லும் மண்ணும் சேருகிற இடத்தில், சுற்றிலும் சாம்பல் வெள்ளையில் ஒரு வளையம். டீ குடித்து முடித்த கண்ணாடித் தம்ளரில் படிகிற கோடு மாதிரி.

"ஒரு கோடு."

"அது மண்ணோட மட்டத்துல இருக்கா?"

"இருக்கு."

"ஆயிரக்கணக்கான வருஷமா அந்தக் கல்லு அதே இடத்துல உக்காந்து போட்ட கோடு. கல்லைத் தூக்கி அதே மாதிரி வைக்கலாம். கறுப்பை மேல வைக்கலாம். ஆனா கோட்டை மட்டத்துக்குக் கொண்டுவர யாராலயும் முடியாது. ஒரு பக்கம் தூக்கும், ஒரு பக்கம் முழுகும். அதைத் தேடு."

தேடினார்கள். வரிசையாக நின்று, குனிந்தபடி, நிலத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நடந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்த லாரிக்காரர்கள், காதணியையோ எதையோ தொலைத்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள். ஷிபிலியின் முதுகு சாயங்காலம்வரை காத்திருக்காமல் இப்போதே புகார் கொடுக்க ஆரம்பித்தது. கல், கோடு, மட்டம். கல், கோடு, மட்டம். கண்ணுக்குள் வளையம் வளையமாகச் சுற்றியது. நிலத்தின் பாதி முடிந்தது. முக்கால்வாசி முடிந்தது.

வத்ஹாதான் நின்றாள்.

"இங்க" என்றாள். "பல்செட்டைத் தப்பா மாட்டின மாதிரி இருக்கு."

ஆறடிக்கு ஆறடி இருக்கும். தள்ளி நின்று பார்த்தால் சுற்றியிருக்கிற தரைக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. குனிந்து பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் கோடு ஒவ்வொரு பக்கம் சாய்ந்து கிடந்தது. நடுவில் இரண்டு கற்களுக்கு இடையே ஒரு குழாயின் வாய், கொட்டைப்பாக்கு அகலத்துக்குத் தெரிந்தது.

லுவை துப்பாக்கியை எடுத்தார். பிறகு யாரைச் சுடுவது என்று புரியாமல் உறையிலேயே வைத்தார். "உள்ள ஆள் இருந்தாலும் சத்தம் குடுக்க மாட்டானே" என்றார் கிசுகிசுப்பாக. "கூப்பிட்டா மூச்சை அடக்கிட்டு இருந்திடுவான்."

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டா அப்படித்தான்" என்றாள் மெய்சூன்.

குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். விருந்தாளியாக வந்த வீட்டு வாசலில் நிற்பவளைப் போல, தெளிவாக, நிதானமாகச் சொன்னாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

காற்று அடித்தது. லாரியில் யாரோ தகரத்தைத் தட்டினார்கள்.

அப்புறம் பூமிக்கு அடியிலிருந்து, கனமான, தூக்கக் கலக்கமான குரல் வந்தது.

"வ அலைக்கும் ஸலாம் வ ரஹ்மத்துல்லா..."

பிறகு அதே குரல், தனக்குத்தானே, மிகவும் மோசமான ஒரு வார்த்தையைச் சொன்னது.

ஷிபிலி அந்த நேரத்தில் ஏதாவது நறுக்கென்று சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் தேடினான். ஒன்றும் வரவில்லை. அவன் வாழ்க்கையில் இதுவே முதல் தடவை. பக்கத்தில் வத்ஹா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாவு ஒட்டிய கைகளால் முகத்தை மூடிக்கொண்டாள். ஒன்பது நாளாக அவள் சேர்த்து வைத்திருந்த அழுகை அத்தனையும் அப்போதுதான் வந்தது. லுவை ஹம்மூத்தின் கையில் விலங்கு மாட்டிவிட்டு, போலீஸ்காரருக்குத் தேவையில்லாத ஒரு காரியமாக, தன் கைக்குட்டையை எடுத்து அவளிடம் நீட்டினார்.

கற்களை ஒதுக்கினார்கள். முழங்கால் ஆழத்துக்கு மண். அதற்குக் கீழே இரும்புத் தகடு. தகட்டைத் தூக்கினால், சுக்கான் பாறையில் நேர்த்தியாக உடைத்த சதுரத் துளை. மர ஏணி. ஸேஜ் இலை போட்டுக் காய்ச்சிய டீயின் மணம் மேலே ஏறி வந்தது.

"கதவை மெதுவாத் தொறங்க" என்றது குரல். "டீயில மண்ணு விழுது."

ஜத்ஆன் மெத்தையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அறுபது வயதுக்கு ஆரோக்கியமாகவே இருந்தான். கேஸ் விளக்கு, ரேடியோ, ஊறுகாய் ஜாடி, ரொட்டிக்கட்டு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். இடது உள்ளங்கையில் கட்டு.

"தலைத்துண்டுல இருந்த ரத்தம்?" என்று மேலிருந்து கேட்டார் லுவை.

ஜத்ஆன் கட்டைக் காட்டினான். "என்னுதுதான். அதுல ஒண்ணும் பொய் கிடையாது."

"எப்ப வெளிய வர்றதா இருந்தீங்க?" என்றான் ஷிபிலி. அவனுக்கு நாக்கு திரும்பி வந்திருந்தது.

"வசந்த காலத்துல. வழி தவறிப் பாலைவனத்துல அலைஞ்சேன்னு சொல்லிக்கலாம்னு."

"இப்ப டிசம்பர்."

"அதான் ரேடியோ வச்சிருக்கேன்."

"எதுக்குய்யா இதெல்லாம்?" லுவையின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "நாற்பத்து மூணு பேரு! குழந்தைங்க!"

ஜத்ஆன் டீயைக் கீழே வைத்தான். அவன் முகத்தில் முதல்முறையாக ஒரு வருத்தம் தெரிந்தது. அது தன்னைப் பற்றிய வருத்தம் என்பது ஷிபிலிக்கு உடனே புரிந்தது.

"மூணு தடவை நட்டேன்" என்றான். "நாற்பது பிஸ்தாக் கன்னு. ரெண்டு வருஷம் நல்லா வரும். அப்புறம் நுனியிலேர்ந்து காஞ்சிட்டே வரும். பிடுங்கிப் பாத்தா, வேரு முழங்கால் ஆழம் வரைக்கும் நேரா எறங்கி, அங்க பாறையில முட்டி, தாம்பாளம் மாதிரி சப்பையாப் பரந்து கிடக்கும். மூணு தடவையும் பிடுங்கி அடுப்புல வச்சேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் மிஷ்அல் நிலம். பழைய ஓடை ஓடின வழி, பாறையே கிடையாது. அவன் மாதுளை போட்டான், குச்சியை நட்டாக்கூட காய்க்குது. நிலத்தை மாத்திக்கலாம்னு கேட்டேன். சிரிச்சான். எல்லாரையும் வச்சுக்கிட்டு சிரிச்சான். அவங்க கிளம்பிப் போனா அந்த நிலத்தை யாராவது பாத்துக்கத்தானே வேணும்? தம்பி பாத்துக்குவான்னு நெனச்சேன்."

வத்ஹா எழுந்தாள். கைக்குட்டையை லுவையிடம் திருப்பிக் கொடுத்தாள். யாரும் தடுப்பதற்குள் ஏணியில் கால் வைத்து இறங்கிவிட்டாள். ஷிபிலி பதறிப்போய் பின்னாலேயே இறங்கினான். அவளுடைய கையில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தான். ஒன்றும் இல்லை.

அவள் ஜத்ஆனைப் பார்க்கவில்லை. தலைக்கு மேலே பார்த்தாள். கையை நீட்டிக் கூரையைத் தட்டினாள். மணிக்கட்டு கனத்தில், வெள்ளையாக, சட்டி கவிழ்த்த மாதிரி உறுதியாக நின்றது பாறை. ஏணிக்குப் பக்கத்தில், உடைத்த துளையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். மாதுளைத் தோட்டத்தில் பதினெட்டு வருடம் வேலை செய்த கை அது.

"இந்த ஓட்டையைப் போட எவ்வளவு நேரமாச்சு?" என்று கேட்டாள்.

ஜத்ஆன் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "இது மட்டுமா? அரை நாள்."

"கன்னு நடணும்னா இவ்வளவு பெரிசு வேண்டாம். ஒரு வாளி எறங்கற அளவு போதும். அது எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி. ஒண்ணேகால் மணி."

"கம்ப்ரசரை எத்தனை நாள் வச்சிருந்தே?"

"பதினஞ்சு. உள்ள தோண்டி முடிக்கிற வரைக்கும் காத்தடிக்க அதுதான் ஓடிச்சு."

"ஒரு நாளைக்கு மூணு ஓட்டை போட்டிருந்தாலே நாற்பது கன்னுக்கு நாற்பது ஓட்டை போட்டிருக்கலாம்" என்றாள் வத்ஹா. "அதுக்குக் கீழ பாரு, எவ்வளவு மெத்து மண்ணு, எவ்வளவு ஈரம். வேரு ஓட்டையைப் பாத்ததும் எறங்கியிருக்கும். உன் நிலத்துலயே பிஸ்தா காய்ச்சிருக்கும் ஜத்ஆன். நீ செத்தும் போயிருக்க வேண்டாம்."

ஜத்ஆன் மெதுவாக அண்ணாந்து பார்த்தான். ஒன்பது நாளும் அந்தப் பாறைக்குக் கீழேதான் மல்லாந்து படுத்திருந்தான்.

வத்ஹா ஏணியில் ஏறி மேலே வந்தாள். பாங்கு ஒலிக்க ஆரம்பித்தது. மூன்று லாரிகளின் எஞ்சின்களும் ஓடிக்கொண்டிருந்தன. வேலிச் சுவர்வரை ஓட அவளுக்குப் பொறுமை இல்லை. நின்ற இடத்திலிருந்தே இரண்டு கைகளையும் தலைக்கு மேல் வீசி, நாற்பத்து மூன்று பேருக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

"இறக்குங்க!"